பொதுக் காட்டில் பெரிய ஆண் மான் (கிடா) பகலில் எங்கே படுக்கிறது?

கேள்வி கேட்ட நண்பர் அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்துப் பிட்ஸ்பர்க்கில் இருக்கிறார். சொந்த நிலம் கிடையாது, தெரிந்த பண்ணைக்காரரும் இல்லை. இரண்டு சீசனாக வில்லோடு மான் வேட்டைக்கு, அதே மாநிலத்தில் பொதுக் காடான அலிகெனி தேசியக் காட்டுக்குப் போய்வருகிறார். பெட்டைகளும் ஒன்றரை வயதுக் கிடாக்களும்தான் கண்ணில் படுகின்றன. ஆனால் மரம் வெட்டிய காலத்துப் பழைய வண்டிப்பாதை ஒன்றில், தொடை கனமுள்ள மரங்களில் கொம்பு உரசிய தடயம் இருக்கிறது. ஓக் மரங்கள் நிற்கும் சமதளத்தில் மாட்டிய கேமராவில் ஒரு பெரிய கிடா இரவு 2 மணிக்கு வந்துபோகிறது. பகலில் அது எங்கே இருக்கிறது, எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்கிறார்.

வெண்வால் மானின் ஆணை இங்கே பக் என்கிறார்கள். நம்மிடம் 'கலை' என்று அருமையான பழைய சொல் இருக்கிறது, பெண்ணுக்குப் 'பிணை'. ஆனால் கலை என்று எழுதினால் பாதிப் பேர் ஓவியம், நாட்டியம் என்று போய்விடுவார்கள். கிடா என்றே வைத்துக்கொள்கிறேன்.

நீங்கள் மானைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். முதலில் ஆளைத் தேடுங்கள். நாலைந்து வயதைத் தாண்டிய கிடா பொதுக் காட்டில் இன்னும் உயிரோடு இருக்கிறது என்றால், ஆள் வருவது முன்கூட்டியே தெரிந்துவிடுகிற இடத்தில் அது பகலைக் கழிக்கிறது என்று பொருள். மேய்ச்சலை இருட்டில் பார்த்துக்கொள்ளும். மான் அசைபோடும் பிராணி, மாட்டுக்கு இருப்பதுபோல் நாலு அறை வயிறு. கிடைத்ததை அவசரமாகத் தின்றுவிட்டு, பாதுகாப்பான இடத்தில் படுத்து நிதானமாக அசைபோடும். பகலில் பெரும்பொழுது அதற்கு இதுதான் வேலை. நடுவில் எழுந்து முதுகை நெளித்து, மூத்திரம் பெய்து, பக்கத்தில் இரண்டு தளிரைக் கடித்துவிட்டு, வெயில் நகர்ந்திருந்தால் பத்தடி தள்ளி மறுபடி படுக்கும். ஆகவே நீங்கள் தேடுவது ஒரு குழியை அல்ல. ஓர் அறை அளவுக்கோ, அரை ஏக்கர் அளவுக்கோ உள்ள ஒரு மறைவை. அதற்குள் நாலைந்து படுக்கைகள் இருக்கும், காற்று ஒவ்வொரு திசையிலிருந்தும் அடிக்கும்போது ஒவ்வொன்று.

ஆளைத் தேடுவது எப்படி? சீசன் நடக்கும்போது ஒரு சனிக்கிழமை வேட்டையை விட்டுவிட்டு, வண்டிகள் நிற்கும் இடங்களை மட்டும் சுற்றிவாருங்கள். எந்தக் கேட் முன்னால் எத்தனை வண்டி என்று வரைபடத்தில் குறியுங்கள். பென்சில்வேனியாவில் 2019 முதல் ரைஃபிள் சீசன், நவம்பர் கடைசியில் வரும் தாங்ஸ்கிவிங் பண்டிகை முடிந்த சனிக்கிழமையே தொடங்குகிறது. ஒரு காட்டின் மொத்த மனித நடமாட்டத்தையும் ஒரே நாளில் பார்க்க அதைவிட நல்ல நாள் இல்லை. (அன்று நீங்கள் வேட்டையாடாவிட்டாலும் ஆரஞ்சு நிற உடுப்பு போட்டுக்கொள்ளுங்கள். சட்டம் வேட்டைக்காரருக்கு 250 சதுர அங்குலம் கேட்கிறது. உங்கள் உயிருக்கு நீங்கள் கொஞ்சம் கூடவே கொடுங்கள்.) சீசன் முடிந்தபின் நடந்து பாருங்கள். வேட்டைக்காரர்கள் இருட்டில் வழி தெரிய அடித்துவைத்த, டார்ச் அடித்தால் மின்னும் ஆணிகள் எந்த மரங்களில் வரிசையாகப் போகின்றன, எங்கே நின்றுவிடுகின்றன? எந்த மரத்தில் பரண் கட்டிப் பட்டை தேய்ந்திருக்கிறது? இதையெல்லாம் வரைபடத்தில் சிவப்பாகத் தீட்டினால், பெரும்பாலும் சாலையிலிருந்து அரை மைலுக்குள் சிவப்பு அடங்கிவிடும். செங்குத்தாக இறங்கும் பக்கங்களிலும் சிவப்பு குறைவாகவே இருக்கும். சுட்ட மானை மேலே இழுத்துவர யாருக்கும் முதுகு இல்லை. சிவப்புப் படாமல் வெள்ளையாக மிஞ்சுகிறதே, உங்கள் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

இதைப் படித்துவிட்டு "ஆழமாகப் போனால் போதும்" என்று மூன்று மைல் நடந்துவிடாதீர்கள். அது இன்னொரு மூடநம்பிக்கை. எல்லாரும் அதைப் படித்துவிட்டு மூன்று மைல் நடக்கிறார்கள். நான் பார்த்த மிகப் பெரிய தனிப் படுக்கைகளில் ஒன்று, வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து 150 கஜத்தில், காட்டு ரோஜா முட்புதருக்குள் இருந்தது. அதில் குனிந்து உட்கார்ந்தால் வண்டிகளின் கூரை தெரியும், கதவு சாத்தும் சத்தம் கேட்கும். வந்தவர்கள் எல்லாரும் அந்தப் புதருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மலைப்பக்கம் நடந்துபோனார்கள். கிடா எல்லாரையும் வழியனுப்பி வைத்திருக்கிறது.

இனி காற்று. மலைக்காட்டில் இது புரியாவிட்டால் மற்றது எதுவும் பயன்படாது. பள்ளிக்கூடத்துப் புவியியலில் பள்ளத்தாக்குக் காற்று, மலைக்காற்று என்று படித்தோமே, அதேதான். வெயில் ஏற ஏறச் சரிவில் உள்ள காற்று சூடாகி மேலே ஏறும். வெயில் இறங்கினால் குளிர்ந்து கனத்துப் பள்ளத்துக்கு வழியும். இதன்மேல் பொதுவான காற்று வேறு. வடமேற்குப் பென்சில்வேனியாவில் பெரும்பாலான நாள் மேற்கிலிருந்தோ வடமேற்கிலிருந்தோ அடிக்கும். இந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில் கிடா படுக்கிறது. முகட்டைத் தாண்டி வரும் காற்று முதுகுப்பக்கத்து வாசனையைக் கொண்டுவரும். கீழே பள்ளத்தில் நடப்பவனின் வாசனையை ஏறிவரும் வெப்பக் காற்று தூக்கிக் கொடுக்கும். கண்ணுக்குச் சரிவு முழுக்கத் திறந்து கிடக்கும். பின்னாலிருந்து வந்தால் மூக்கு, முன்னாலிருந்து வந்தால் கண்ணும் மூக்கும். ஆகவே காற்றுக்கு மறைவான பக்கம், சரிவின் மேல் மூன்றில் ஒரு பங்கு. மேற்குக் காற்று நாளில் கிழக்குச் சரிவு, வடமேற்குக் காற்று நாளில் தென்கிழக்குச் சரிவு.

அந்தச் சரிவிலும் எங்கு வேண்டுமானாலும் படுக்காது. பெரிய முகட்டிலிருந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு இறங்கும் சிறு மேடுகளை, மலையின் மூக்கு என்று சொல்லலாம், விரும்பும். மூக்கின் நுனியிலிருந்து மூன்று பக்கமும் தெரியும், ஆபத்து என்றால் இரண்டடியில் மறுபக்கத்தில் மறைந்துவிடலாம். சம உயரக் கோடு போட்ட வரைபடத்தில் மூக்குகள் விரல் விரலாக நீண்டிருக்கும், உட்கார்ந்த இடத்தில் குறித்துவிடலாம். ஆனால் 20 அடிக்கு ஒரு கோடு போட்ட வரைபடத்தில் 10 அடி அகலத் திண்ணை தெரியாது. கிடாவுக்கு அந்தத் திண்ணை போதும். அதனால் விமானத்திலிருந்து லேசரால் தரையை அளந்து எடுக்கும் லைடார் நிழல் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இலைகளை உரித்துவிட்டுத் தரையை மட்டும் காட்டுவதுபோல, நூறு வருஷத்துக்கு முன்னால் மரம் இழுத்த தடங்கள்கூடத் தெரியும். செங்குத்துச் சரிவை வெட்டிப் போட்ட அந்தப் பழைய தடங்கள் மானுக்குத் தயார்நிலைத் திண்ணை. அலிகெனிப் பக்கம் மலை என்றால் கூரான முகடு அல்ல என்பதையும் மனத்தில் வையுங்கள். மேலே தட்டையான மேட்டுநிலம், ஓரங்களை ஓடைகள் அரித்த பள்ளங்கள். தட்டை முடிந்து சரிவு தொடங்கும் விளிம்புக்குச் சற்றுக் கீழே, அந்தக் கோட்டை ஒட்டியே நடந்து பாருங்கள்.

செடிகொடியைப் பற்றி. முழுக்க வெட்டிய காடு ஐந்திலிருந்து பத்துப் பன்னிரண்டு வயதுக்குள் ஆள் நுழைய முடியாத குச்சிக்காடாக இருக்கும், அதுதான் சரியான பருவம். அதற்குப் பிறகு மேலே கூடி நிழல் விழுந்து தரை வெறுமையாகிவிடும். உங்களிடம் அந்த இடத்தின் பழைய வான்படங்கள் இருந்தால் எந்த ஆண்டு வெட்டினார்கள் என்று கண்டுபிடித்துவிடலாம். காற்றில் சாய்ந்த மரங்கள், மலை லாரல் புதர், முள்கொடிகள் எல்லாம் நல்லவை. புதரின் நடுவைவிட ஓரம் முக்கியம், நடுவில் படுத்தால் அதற்கும் ஒன்றும் தெரியாது. பெரணியை மட்டும் நம்பாதீர்கள். மான் மற்றதையெல்லாம் தின்று தீர்த்த காட்டில், அது தொடாத வைக்கோல் வாசப் பெரணி தரையெல்லாம் இடுப்பளவு பரவியிருக்கும். செப்டம்பரில் பார்த்தால் பெரிய மறைவுபோல இருக்கும். முதல் உறைபனியில் பழுத்துச் சாய்ந்துவிடும். செப்டம்பரில் அங்கே படுத்த மான் அக்டோபர் நடுவில் வேறெங்கோ இருக்கும்.

எப்போது போய்ப் பார்ப்பது? பனி உருகியதும், இலை துளிர்ப்பதற்கு முன்னால். அதாவது மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை. போன இலையுதிர்காலத்து உரசல்கள் மரத்தில் அப்படியே இருக்கும், தடங்கள் பள்ளமாகத் தெரியும், நீங்கள் கிடாவை எழுப்பிவிட்டாலும் அக்டோபருக்குள் மறந்துவிடும். மே தொடங்கும்போது வான்கோழி வேட்டைக்காரர்கள் வந்துவிடுவார்கள், அதற்குள் முடித்துவிடுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, நான் அதில் இரண்டு வருஷம் மாட்டிக்கொண்டேன். ஜனவரிப் பனியில் ஒரு தெற்குச் சரிவில் ஹெம்லாக் மரங்களுக்குக் கீழே பெரிய பெரிய படுக்கைகள் பார்த்தேன். பனி உருகி, உடல் சூட்டின் அச்சு மட்டும் பளபளவென்று கிடந்தது. புதையல் கிடைத்த மாதிரி துள்ளிக்கொண்டு வந்து, அக்டோபரில் அங்கே பரண் கட்டினேன். ஓர் அணில். இரண்டாம் வருஷமும் அதே அணில் என்றுதான் நினைக்கிறேன். அவை குளிர்காலப் படுக்கைகள். வெயில் விழும் தெற்குச் சரிவும் பனியைத் தடுக்கும் ஊசியிலை மரமும் ஜனவரியில்தான் அதற்குத் தேவை. இப்போது ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்: படுக்கையிலிருந்து பார்க்கும் தூரத்தில் கொம்பு உரசிய மரம் இல்லையென்றால் நம்புவதில்லை. ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் தொடக்கத்தில் கொம்பை மூடியிருக்கும் வெல்வெட் தோல் உரிந்தபின்தான் கிடா மரத்தில் உரசுகிறது, குளிர்காலத்தில் கொம்பே விழுந்துவிடுகிறது. ஆகவே உரசல் இருந்தால், வேட்டைக் காலத்தில் அது அங்கே இருந்தது என்பதற்கு மரமே சாட்சி.

சரி, படுக்கை என்று நினைக்கிற ஒன்றைக் கண்டுவிட்டீர்கள். உடனே அடுத்ததைத் தேடி ஓடாதீர்கள், மண்டியிடுங்கள். இலைச்சருகு அழுந்தி நீள்வட்டமாக இருக்கும். பலமுறை படுத்த இடம் என்றால் சருகு பொடியாகி அடியில் கறுப்பு மண் தெரியும். கையால் அளந்து பாருங்கள். என் கைக்கு, பெட்டை படுத்த இடம் இரண்டு முழம், சற்றே கூட இருக்கும். இரண்டரை முழத்தைத் தாண்டினால் எனக்கு நெஞ்சு படபடக்கும். பெட்டையும் குட்டிகளும் படுத்த இடத்தில் பெரிது ஒன்று, சிறிது இரண்டு மூன்று என்று குடும்பமாக இருக்கும். கிடாவுடையது ஒற்றை. சருகுக்குள் விரலை விட்டுத் தடவினால் முடி அகப்படும். மான் முடி உள்ளே குழலாக இருக்கும், மடக்கினால் துடைப்பக் குச்சிபோல முறிந்து மடங்கும், நாய் முடி மாதிரி வளையாது. முதுகுப்பக்கம் விழுந்த மரமோ பாறையோ வேரோ இருக்கிறதா பாருங்கள். புழுக்கை எவ்வளவு, பழையதும் புதியதும் கலந்திருக்கிறதா? கலந்திருந்தால் அது ஒருநாள் விருந்தாளி இல்லை.

பிறகு செய்யவேண்டியதுதான் முக்கியம், வெட்கப்படாமல் செய்யுங்கள்: அந்தப் படுக்கையில் அதேபோல் படுங்கள். தலை அதன் தலை உயரத்தில், தரையிலிருந்து இரண்டு முழத்துக்குள் இருக்கட்டும். நான் முதன்முதலாக அப்படிப் படுத்தது ஒரு மூக்கின் கிழக்குப் பக்கத்தில், ஒரு சாய்ந்த செர்ரி மரத்துக்குப் பின்னால். நின்று பார்த்தபோது முன்னால் வெறும் குச்சிக்காடு. படுத்ததும் கிளைகளுக்குக் கீழே ஒரு சந்து திறந்தது. அந்தச் சந்து வழியாகக் கீழே பழைய வண்டிப்பாதையின் ஒரு வளைவு, அதைத் தாண்டி ஒரு தனி பீச் மரம். அந்த பீச் மரத்தில்தான் போன அக்டோபரில் ஆறு நாள் பரண் கட்டி உட்கார்ந்திருந்தேன். விடியுமுன் டார்ச் அடித்துக்கொண்டு நான் பாதையில் வருவதும், மரத்தில் ஏறுவதும், பத்து மணிக்கு ஃபிளாஸ்க்கைத் திறப்பதும் அதற்கு முன்வரிசை டிக்கெட். அன்றைக்கு அங்கே சிரித்தேன், வீட்டுக்கு வந்து வரைபடத்தில் நான் நுழையும் வழிகள் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக வரைந்தேன்.

சதுப்புநிலத்தைப் பற்றிச் சுருக்கமாக, ஏனென்றால் உங்கள் கேள்வி மலையைப் பற்றியது. வடமேற்குப் பென்சில்வேனியாவில் பைமட்டூனிங் ஏரிச் சதுப்புப் பக்கம் போனால் விளிம்புதான் எல்லாம். சம்பங்கோரை முடிந்து வில்லோ புதர் தொடங்கும் கோடு, கோரைக்கு நடுவே தனியாக நிற்கும் ஒரு மரம், அதன் அடியில் அரையடி உயர்ந்த காய்ந்த திட்டு. அங்கே கிடாவைக் காப்பது உங்கள் கால் தண்ணீரில் எழுப்பும் சத்தம். இரண்டு நாள் நல்ல மழை பெய்தால் திட்டு மூழ்கிவிடும், கிடா இடம் மாறிவிடும், நீங்கள் வசந்தத்தில் போட்ட குறி வெறும் குறிதான்.

கண்டுபிடித்த இடத்தை எப்படிப் பயன்படுத்துவது? வசந்தத்தில் ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டால் அதன்பின் அந்தப் பக்கமே போகக்கூடாது. கேமராவைப் படுக்கையில் மாட்டாதீர்கள். மாட்டப் போனதும் பேட்டரி மாற்றப் போனதும் அதற்குத் தெரியும். உங்கள் 2 மணி கிடா பகலிலும் நடமாடத்தான் செய்கிறது. மாலையில் வெளிச்சம் மங்கும்போது எழுந்து 60, 100 கஜம் நகர்ந்து, அங்கேயே எதையாவது மேய்ந்து இருட்டுக்குக் காத்திருக்கும். சட்டப்படி சூரியன் மறைந்து அரைமணி வரை நமக்கு நேரம். அந்த அரைமணிக்குள் அது கடக்கும் தூரத்துக்குள் நீங்கள் இருக்க வேண்டும். ஓக் சமதளத்தில் உட்கார்ந்தால் ஆயுசுக்கும் வராது. படுக்கையிலிருந்து ஏறத்தாழ 100 கஜம், அதன் கண்ணுக்குப் படாத வழி, முடிந்தால் ஓடைக்குள் நடந்து. மாலைக்காற்று கீழே வழியத் தொடங்கும், ஆகவே உங்கள் வாசனை அது இறங்கும் பாதைக்குப் போகாத பக்கமாக. காற்று சரியில்லாத நாளில் வீட்டில் இருங்கள். ஒரு சீசனில் ஓர் இடத்துக்கு ஒன்று அல்லது இரண்டு மாலை, அவ்வளவுதான். ஞாயிறு வேட்டைக்கு இருந்த பழைய தடையை 2025-ல் சட்டம் எடுத்துவிட்டதால், சனிக்கிழமைக் கூட்டத்துக்கு மறுநாள் காடு ஓய்வெடுக்கும் என்ற பழைய கணக்கும் இனி பலிக்காது. விடுப்பு எடுக்க முடிந்தால் செவ்வாய், புதன் பாருங்கள்.

இதெல்லாம் அக்டோபருக்கு. நவம்பர் நடுவில் இணைசேரும் பருவம் உச்சத்துக்கு வரும்போது இந்தக் கணக்கு கலைந்துவிடும். அப்போது கிடா தன் படுக்கையில் இருக்காது. பெட்டைகள் குடும்பமாகப் படுக்கும் இடங்களின் காற்றுக்குக் கீழ்ப்பக்கமாக மோப்பம் பிடித்துக்கொண்டு திரியும். நீங்கள் தேடலில் கண்ட குடும்பப் படுக்கைகளையும் அதனால்தான் குறித்து வைக்கச் சொல்கிறேன்.

உங்கள் இடத்துக்கு வருகிறேன். அந்த வண்டிப்பாதை உரசல்களுக்குத் திரும்பிப் போங்கள். மரத்தின் எந்தப் பக்கம் பட்டை உரிந்திருக்கிறது என்று பாருங்கள். கிடா வந்த பக்கம்தான் உரியும். ஓக் சமதளத்தைப் பார்த்த பக்கம் உரிந்திருந்தால், அது மேய்ச்சல் முடித்து விடியலில் படுக்கைக்குத் திரும்பும்போது உரசியது. அப்படியே அது போன திசையில், வரிசை நின்றுபோகும் வரை தொடருங்கள். கடைசி உரசலிலிருந்து காற்றுக்கு மறைவான பக்கத்தில் உள்ள முதல் மூக்கை முதலில் பாருங்கள், அதில் இல்லையென்றால் அடுத்தது. வழியில் மரத்தில் ஊதாக் கோடு கண்டால் நின்றுவிடுங்கள். பென்சில்வேனியாவில் அது தனியார் நிலம், நுழையாதே என்று அர்த்தம். பேன்ட்டை சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள், உடுப்பில் மட்டும் பெர்மெத்ரின் என்ற பூச்சி மருந்தைத் தெளித்துக் காயவையுங்கள், தோலில் வேண்டாம். மார்ச்சில் குளிராகத்தானே இருக்கிறது என்று நினைக்காதீர்கள், உறைநிலைக்கு மேலே வெயில் ஏறிய நாளிலேயே உண்ணி எழுந்துவிடும். உண்ணி கடித்து வரும் லைம் நோய் இந்த மாநிலத்தில் விளையாட்டில்லை. வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமுடி எல்லாம் பாருங்கள்.

மார்ச் மூன்றாம் வாரம் போய்வந்து என்ன பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். எத்தனை முழம், எத்தனை உரசல், முதுகுக்கு என்ன மரம், எல்லாம் எழுதுங்கள். எந்த மூக்கு என்று மட்டும் எழுதாதீர்கள். நானும் பிட்ஸ்பர்க்கிலிருந்து இரண்டரை மணி நேரத்தில்தான் இருக்கிறேன்.